ஜப்பான் அழகிகளுக்குப் பிரேம் போட்டவன்

படத்துக்குப் பிரேம் போடுகிறவன் வேலையைச் சரியாகச் செய்தால் அவனை ஒருவருக்கும் தெரியாது. பிழையாகச் செய்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பிறத்தியாரின் அருமைச் சாமானைக் கையில் வாங்கி வேலை செய்தவர்களுக்கு, தையல்காரரோ மணிக்கூடு திருத்துகிறவரோ, நான் சொல்லப்போவது உடனே விளங்கும். சாமானைத் தந்துவிட்டு அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அது திரும்பிப் போகும்வரை நெஞ்சிடி நமக்கு.

கொழும்பில் நான் நில அளவைப் படம் வரைந்தவன். எழுபதுகளின் நடுவில் மனைவியோடு சிட்னிக்கு வந்து, லிட்கமில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அதே வேலை தேடி ஐந்து மாதம் அலைந்தேன். கடைசியில் கிடைத்தது நகரத்துப் பக்கத் தெரு ஒன்றில் இருந்த சின்னக் கடை. சொந்தக்காரி மிஸிஸ் ரீட், அறுபது வயதுக் கைம்பெண். பழைய ஜப்பானிய அச்சுப் படங்களை வாங்கி விற்பார், மற்றவர்கள் கொண்டுவருவதற்குப் பிரேமும் போட்டுக் கொடுப்பார். மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகையாக மை தடவி, மெல்லிய காகிதத்தில் ஒற்றி எடுத்த படங்கள் அவை. பெரும்பாலும் அழகிகள். கண்ணாடி பார்க்கிறவள், கடிதம் வாசிக்கிறவள், கொண்டையில் சீப்புச் செருகுகிறவள். முகத்துக்கு நிறம் பூசியிருக்காது. மூக்குக்கு ஒரு கோடு, வாய்க்கு ஒரு பொட்டுச் சிவப்பு, மிச்ச வெள்ளை எல்லாம் வெறும் காகிதம். அந்த வெள்ளையில் அழுக்கு விரல் பட்டால் முகமே போய்விடும். "கை நடுங்குமா?" என்று மட்டும்தான் மிஸிஸ் ரீட் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த நாளே வரச் சொன்னார்.

கடையில் பேசியது பெரும்பாலும் ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

பின்னறை

பின்னறையில் கீத் இருந்தார். மரம் அறுத்துப் பிரேம் பூட்டுவது அவருடைய பொறுப்பு. படத்தைச் சுற்றி ஓரமாக வரும் மவுண்ட் அட்டையை வெட்டிப் படத்தை அதில் பொருத்துவது என்னுடையது. கீத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. மதியச் சாப்பாட்டில் பாண் ரொட்டியின் ஓரத்தைக்கூட விடமாட்டார், மேசையில் விழுந்த துகளையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்பார். எனக்கு அது விநோதமாக இருந்தது. ஏனென்று கேட்கத் துணியவில்லை.

இரண்டாம் நாள் பெரிய படம் ஒன்றை மேசைக்கு மாற்ற வேண்டியிருந்தது. தனியாகத் தூக்கினால் காகிதம் மடியும். பின்னறைக் கதவில் நின்று, ஒரு பக்கம் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். கீத் படத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டார். நான் படத்தோடு நிற்கிறேன், அவர் அசையவில்லை. கை வலிக்கத் தொடங்கியது. மிஸிஸ் ரீட் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கீத் சண்டைக் காலத்தில் சிங்கப்பூரில் பிடிபட்டு மூன்றரை வருடம் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர் என்றார். எந்த மரமும் அறுப்பார், எந்தப் பிரேமும் செய்வார், ஜப்பான் படத்தை மட்டும் தொடமாட்டார். அந்த ஒப்பந்தத்தில்தான் வேலைக்கு வந்தாராம். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கையில் இன்னொரு சின்னப் படம் இருந்ததை மறந்துவிட்டேன். கீத் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அதைக் கவிழ்த்து வை. பிறகு பேசலாம்."

வெட்டச் சொன்னவர்

மிஸிஸ் ரீட் மெல்பேர்னுக்குப் போயிருந்த ஒரு நாள், தடித்த ஒரு மனிதர் ஒரு கையில் படமும் மறுகையில் பிரேமுமாக வந்தார். படம் பெரிய தலை அழகி ஒருத்தி, கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். பிரேம் அவருடைய தகப்பனுடையதாம், அகலமான தேக்கு. படம் அதைவிட ஒரு விரல் நீளம். "அடியில் வெட்டு" என்றார். அடியில்தான் ஓவியனின் கையெழுத்தும் பதிப்பித்தவனின் முத்திரையும் இருந்தன. அதை வெட்டினால் படம் முடமாகிவிடும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நீ எந்த நாட்டிலிருந்து வந்தாய்?" சொன்னேன். "அங்கே வாடிக்கையாளர் சொல்வதைச் செய்யமாட்டார்களா?" கத்தியை அவரே எடுத்து என் முன்னால் வைத்தார். வேலையில் சேர்ந்து மூன்று கிழமை. மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். நாலு மணிக்கு வாருங்கள், ஆயத்தமாக இருக்கும் என்றேன்.

அவர் போனதும் பிரேமை மட்டும் எடுத்துக்கொண்டு கீத்திடம் போனேன். படத்தை முன்னாலேயே விட்டுவிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் பிரேமைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியும் படமும் உட்காருகிற உட்பள்ளத்தை உளியால் ஒரு விரல் அகலமாகச் செதுக்கி, அதற்கேற்பப் புதுக் கண்ணாடியும் வெட்டித் தந்தார். முன்னுக்கு இருந்து பார்த்தால் பிரேம் அதே பிரேம்தான். முழுப் படமும் உள்ளே போயிற்று. கையெழுத்து மரத்துக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொண்டது. நாலு மணிக்கு அந்த மனிதர் வந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் படத்தைக் கை தூரத்தில் பிடித்துப் பார்த்து முந்திக்கொண்டார்: "பார்த்தாயா, வெட்டின பிறகு எவ்வளவு வடிவாக இருக்கிறது."

டொக்டர் வீட்டில் ராசாத்தி

பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நம்மவர் ஒருவர் டொக்டராக இருந்தார். அந்தக் காலத்தில் சிட்னியில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றுப் போன பெரிய டொக்டர் ஒருவர் அவருக்கு ஓர் அழகி படம் பரிசாகக் கொடுத்திருந்தார். டொக்டரும் மனைவியும் அதைக் கொண்டுவந்தார்கள். மனைவி நேராகக் கேட்டார்: "தம்பி, இவர் இது ஒரு ராசாத்தி எண்டு சொல்லுறார். ராசாத்தியோ?" டொக்டர் அவருக்குப் பின்னால் நின்று, ஓம் சொல்லு என்று எனக்குக் கண்ணால் கெஞ்சினார்.

"பழைய காலத்துப் பேர்போன பெண், அக்கா" என்று நழுவினேன்.

"என்னத்துக்குப் பேர்போனவள்? கலண்டர் வழிய வாற ஜப்பான் பொம்பிளையளுக்கு இடுப்பிலை முடிச்சுப் பின்னுக்கெல்லோ இருக்கு. இவளுக்கு ஏன் முன்னுக்கு?"

அந்த அம்மா இவ்வளவு கூர்மையாகப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொன்னால் பிடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் டொக்டரின் வீட்டில் சண்டை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ராசாத்தி இல்லை, அக்கா. சின்ன வயசிலை ஒரு வீட்டுக்கு வித்துப்போட்ட பிள்ளை. ஆம்பிளையளுக்கு முன்னாலை ஆடிப் பாடி, அவை சொன்னதெல்லாம் கேக்கிற சீவியம். முடிச்சு முன்னுக்கு இருந்தால் அதுதான் அர்த்தம். ஆனா ஊர் முழுக்க இவையின்ரை படத்தைத்தான் வாங்கிச் சுவரிலை ஒட்டினது." டொக்டர் கூரையைப் பார்த்தார். அந்த அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே ஒரே ஒரு கோடு. பிறகு எழும்பிச் சொன்னார்: "ஹோலிலை மாட்டுற அளவுக்குப் பிரேம் போடுங்கோ தம்பி. களைச்ச முகம் எப்பிடி இருக்கும் எண்டு இவரும் ஒருக்காப் பாக்கட்டும்."

கண்ணாடியோடு நின்றவர்

அடுத்து வந்த ஜனவரி மாதம், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் கடைக்குள் வந்தார். நீலச் சீலைத் துணியில் சுற்றிய பொதி ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். அதே நேரம் கீத் பின்னறையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். அந்தப் பெண் ஜப்பானியர். கீத் நின்றுவிட்டார். அந்தப் பெண்ணும் நின்றுவிட்டார். இடையில் கண்ணாடி. கீத்தின் விரல்கள் வெள்ளையாகிப் போனதை நான் பார்த்தேன். கண்ணாடி விழுந்து நொறுங்கப் போகிறது, அல்லது அதைவிடக் கூடாத ஏதோ நடக்கப் போகிறது என்று நினைத்தேன். கீத் மெல்லத் திரும்பி, ஓர் அடி ஓர் அடியாகப் பின்னறைக்குப் போனார். கண்ணாடி நிலத்தில் வைக்கப்படும் சத்தம் மிக மெதுவாகக் கேட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் மிஸிஸ் டொனலி, செட்சுகோ டொனலி. சண்டை முடிந்து ஜப்பானில் காவலுக்கு நின்ற ஓர் அவுஸ்திரேலியச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. கணவர் இறந்து இரண்டு மாதம். பொதிக்குள் இருந்தது, கலியாணத்தின்போது கணவர் அவருக்கு வாங்கிக் கொடுத்த படம்: நீல நிற நீண்ட அங்கி அணிந்த ஒருத்தி, குடையை மடக்குகிறாள். இவ்வளவு காலமும் ஓர் அட்டையில் ஒட்டி அலுமாரிக்குள் வைத்திருந்தார்களாம், இப்போதுதான் சுவரில் மாட்ட மனம் வந்ததாம். படத்தை வாங்கிக்கொண்டதற்கு ரசீதுத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, கீத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அந்தப் பார்வை எனக்கு இருபது வருடப் பழக்கம். கண்ணாடியைக் கீழே போடவில்லையே, அது நல்ல மனிதர் என்பதற்கு அடையாளம்."

ஒரு துளி

இனிச் சொல்லப்போவது நான் செய்த பிழை. அந்தப் பழைய படங்களில் சில நீலங்கள் பூவின் இதழிலிருந்து எடுத்தவை. தண்ணீர் பட்டால் மறைந்துவிடும். அது எனக்குத் தெரியும். பெப்ரவரி மாதம், வெளியே தார் உருகுகிற வெயில், கடையில் ஒரு விசிறி மட்டும். விசிறிக் காற்றில் காகிதம் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டு, மிஸிஸ் டொனலியின் படத்தைக் குனிந்து அட்டையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தேன். நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை அவளுடைய நீல அங்கிக் கையில் விழுந்தது. பதறிப்போய் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன். அதுதான் பெரிய முட்டாள்தனம். தாளை எடுத்தபோது நீலம் தாளில் இருந்தது. படத்தில் ஒரு சத நாணயக் குற்றி அளவுக்கு வெள்ளை வட்டம்.

என் மேசை லாச்சிக்குள் நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த நீர்வர்ணப் பெட்டி இருந்தது. கலந்து பார்த்தேன். கழிவுத் துண்டில் தடவிப் பார்த்தேன். அச்சொட்டாக அதே நீலம். தூரிகையை நனைத்து வட்டத்துக்கு மேலே கொண்டுபோனேன். ஒருவருக்கும் தெரிய வராது. வேலையும் போகாது, பிறக்கப்போகிற பிள்ளைக்கும் பால் மா வாங்கலாம். கொழும்பில் வரைந்த காலத்தில் ஒருநாளும் நடுங்காத கை அப்போது நடுங்கியது. நிமிர்ந்தேன். கீத் தேத்தண்ணிக் கோப்பையோடு கதவில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கோப்பையை என் கைக்கெட்டாத தூரத்தில், படத்தில் சிந்தாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனார். நான் தூரிகையைக் கழுவினேன்.

மிஸிஸ் ரீட்டிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "மிஸிஸ் டொனலியிடம் நீதான் சொல்ல வேண்டும்" என்றார். வியாழக்கிழமை மிஸிஸ் டொனலி மவுண்ட் அட்டையின் நிறம் தெரிவுசெய்ய வந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், வர்ணம் கலந்ததையும் சேர்த்து. அவர் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் மேலுதட்டைத் துடைத்தார். நான் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: "எங்கள் வீட்டில் வியர்க்காதவள் இவள் ஒருத்திதான். இவளுக்கும் ஒருநாள் வியர்த்துவிட்டது, அவ்வளவுதான். பூசிவிடாதீர்கள்."

பெயர் ஒன்றுதான்

படம் பிரேம் போட்டு ஆயத்தமாகி இரண்டு நாளில், உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து துண்டை நீட்டினார். துண்டு நான் எழுதியதுதான். பெயர் டொனலி. "நான் மிஸ் டொனலி. படத்தைக் கட்டிக் கொடு" என்றார். இறந்தவரின் தங்கையாம். மிஸிஸ் டொனலி அவரை அனுப்பினாரா என்று கேட்டேன். "என் அண்ணன் கொண்டுவந்த படம். அவள் அவனுக்குப் பெண்டாட்டி, எங்களுக்கு உறவு இல்லை" என்றார். துண்டு எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. அண்ணி வீட்டுக் குசினி மேசையில் கிடந்ததாம். மிஸிஸ் டொனலியைக் கேட்காமல் தரமுடியாது என்றேன். கடை விதிப்படி துண்டு வைத்திருப்பவருக்குப் படம். அது துண்டின் பின்பக்கத்தில் அச்சடித்தே இருந்தது. அவர் அதைத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக எனக்கு வாசித்துக் காட்டினார், நான் ஆங்கிலம் தெரியாதவன்போல. பிறகு பொலிஸைக் கூப்பிடப்போவதாகச் சொல்லிக் கடைத் தொலைபேசியில் கை வைத்தார். மிஸிஸ் ரீட் வங்கிக்குப் போயிருந்தார். சிட்னியில் பொலிஸ் வந்தால் என்னை நம்புமா அவரை நம்புமா என்பதை யோசிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஆனாலும் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

சத்தம் கேட்டுக் கீத் வந்தார். கதவுக் கொக்கியில் தொங்கிய அவருடைய கோட்டில் பழைய சிப்பாய்கள் குத்திக்கொள்ளும் பட்ஜ் இருந்தது. மிஸ் டொனலி அதைக் கண்டுகொண்டார். குரல் உடனே மாறிவிட்டது. "நீங்கள் சண்டையில் இருந்தவர். எங்கே?" என்று கேட்டார். கீத் சொன்னார். "அப்படியானால் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? இந்தப் பையனிடம் படத்தைத் தரச் சொல்லுங்கள்." கீத் என்னைப் பார்த்தார். சுவரில் சாத்தி வைத்திருந்த படத்தைப் பார்த்தார். அவர் ஒரு ஜப்பான் படத்தை அவ்வளவு நேரம் பார்த்ததை நான் கண்டதில்லை. குடையை மடக்குகிற கை, அதில் வெள்ளை வட்டம். பிறகு தொலைபேசியை எடுத்து மிஸ் டொனலியின் பக்கம் தள்ளி வைத்துச் சொன்னார்: "கூப்பிடுங்கள். அந்த நாட்டுச் சனத்தை எனக்குப் பிடிக்காது, அதை நான் ஒருவருக்கும் மறைத்ததில்லை. ஆனால் இந்தப் படத்தைக் கொண்டுவந்து தந்தவர் நீங்கள் இல்லை, அதைப் பொலிஸுக்கும் சொல்வேன்."

எந்தச் சுவர்

மிஸ் டொனலி யாரையும் கூப்பிடவில்லை. துண்டைக் கிழித்து மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் காலை கடை திறக்கும்போது மிஸிஸ் டொனலி வாசலில் நின்றார். துண்டு காணாமல் போய்விட்டது, மைத்துனி ஏதோ சொல்லிக் கத்திவிட்டுப் போயிருக்கிறாள், படம் போய்விட்டதா என்று கேட்கும்போதே உதடு துடித்தது. நான் படத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். அவர் பிரேமின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். யார் காப்பாற்றியது என்று கேட்டார். நான் பின்னறையைக் காட்டினேன். தடுப்பதற்குள் அவர் போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

கீத் மரம் அறுக்கும் வாளைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பெண் கதவுக்கு உள்ளே ஓர் அடி வைத்து, இடுப்புவரை குனிந்து வணங்கினார். கீத்தின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. அந்தக் குனிதலை அவர் கைதியாக இருந்தபோது காவலாளிகளுக்கு முன்னால் கட்டாயத்தில் செய்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீத் வாளைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லு. நீலம் மங்கும்." அந்தப் பெண்ணும் அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே பதில் சொன்னார்: "எங்கள் வீட்டில் வெயில் படாத சுவர் ஒன்றுதான். அதில் என் கணவரின் படம் இருக்கிறது, அவருக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன் என்று இவரிடம் சொல்லுங்கள்."

ஆறு வருடம் ஜப்பான் அழகிகளோடு காலம் கழித்தவன் என்று சொன்னால் இன்றைக்கும் ஆண்கள் என்னைப் பொறாமையோடு பார்க்கிறார்கள்; மேசையில் குனிந்து குனிந்து வந்த என் கழுத்து வலியைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.